வாசகர் கேள்வி – பதில்: தெருவுக்குள் ஒரு மையம்

கேள்வி: எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் துறைமுகத்தில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து விற்கிறார்கள், மற்றவர்கள் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்குமாக ஒரு சமூக மையம் தொடங்க நாங்கள் சிலர் எண்ணியிருக்கிறோம். தையல் இயந்திரங்கள் வாங்கித் தர ஒருவர் முன்வந்திருக்கிறார். எதிலிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: தையல் இயந்திரங்கள் சில மாதங்கள் காத்திருக்கட்டும், சகோதரி, முதலில் கைக்குழந்தைகளுக்கு இடம் செய்யுங்கள். விடியற்காலை ஏலத்துக்குப் போகும் தாய், எடுத்த மீனை நெல்லிக்குப்பத்திலோ பண்ருட்டியிலோ விற்றுத் தீர்த்து வீடு திரும்புவதற்குள் பொழுது ஏறிவிடுகிறது. அதுவரை அந்தக் குழந்தை யார் இடுப்பில் இருக்கிறது என்று உங்கள் தெருவிலேயே பாருங்கள். பாட்டி இல்லாத வீடுகளில் அது பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வயது அக்காவின் இடுப்பில்தான் இருக்கும். 6 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னாலும், தம்பியை விட்டுவிட்டுப் போக முடியாத சிறுமிக்கு அந்தச் சட்டம் எட்டுவதில்லை. ஆகவே, நீங்கள் திறக்கும் ஒரு குழந்தைக் காப்பகம், தாயை நிம்மதியாக வேலைக்கு அனுப்புவதோடு அக்காவையும் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறது. வேறெந்த உதவிக்கும் இந்த இரட்டைப் பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அங்கன்வாடி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் இயங்கும் அங்கன்வாடிகள் நம் மாநிலத்துக்குப் பெரிய பலம். அவற்றோடு போட்டியாக எதையும் தொடங்கிவிடாதீர்கள். ஆனால், அங்கே உட்கார்ந்து உண்டு படிப்பவர்கள் பெரும்பாலும் 3 முதல் 6 வயதுப் பிள்ளைகள். அதற்கும் சிறியவர்களுக்குச் சத்துமாவு வீட்டுக்குத் தரப்படுகிறதே தவிர, நாள் முழுவதும் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு எல்லா இடத்திலும் இல்லை. அங்கன்வாடி திறப்பதற்குள் மீன் ஏலமும் முடிந்துவிடுகிறது. ஒன்றிய அரசின் ‘பால்னா’ திட்டத்தில் அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்த வழியிருப்பதால், உங்கள் பகுதிக்கு அது கிடைக்குமா என்று மாவட்டத் திட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். உங்கள் காப்பகத்தில் தூளி கட்டத் தெரிந்த, உங்கள் தெருப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வையுங்கள். சம்பளம் இல்லாமல் சேவையாகச் செய்யச் சொல்வது, ஏழைப் பெண்ணின் உழைப்பை இன்னொரு முறை இலவசமாக வாங்குவதாகும்.

கட்டடத்துக்காக அலைய வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் எழுந்த கூடங்களில், திருமணத்துக்கும் கூட்டத்துக்கும் மட்டும் திறந்து மற்ற நாட்களில் பூட்டிக் கிடப்பவை உண்டு. மாதாமாதம் செலவுக்கும் பொறுப்புக்கும் ஆள் இல்லாததுதான் காரணம். ஊர்ப் பெரியவர்களிடம் சாவி கேளுங்கள். பகலில் காப்பகம் நடக்கும் அதே இடத்தில் மாலையில் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதலாம். ஒற்றை அறை வீட்டில் தொலைக்காட்சிக்கும் அடுப்புக்கும் நடுவே படிக்கும் பிள்ளைக்கு, விளக்கும் அமைதியும் உள்ள இரண்டு மணி நேரம் எவ்வளவு பெரியது என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். புதுச்சேரியில் 1962 முதல் இயங்கிவரும் ‘வொலோந்தாரியா’ அமைப்பு, குழந்தைக் காப்பகம், படிப்பு உதவி, பெண்களுக்கான கைத்தொழில் ஆகியவற்றைச் சேர்த்தே நடத்திவருகிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள். சங்கமாகப் பதிவு செய்ய, 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். அந்த ஏழு பேரில் மீன் விற்பவர்களும் இருக்கட்டும்.

கேள்வி: நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்குப் பிள்ளையை அழைத்துவரும் ஒரு தாய், கணவர் குடித்துவிட்டு அடிப்பதாகச் சொல்லி அழுதார். குடும்ப விஷயத்தில் நாங்கள் தலையிடலாமா?
– ஒரு வாசகர், புதுச்சேரி லாஸ்பேட்டை

பதில்: அடி விழும் இடத்தில் அது குடும்ப விஷயமாக மட்டும் இருப்பதில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், அவர் அந்த வீட்டிலேயே தொடர்ந்து வசிக்கும் உரிமையையும் பாதுகாப்பு ஆணை பெறும் உரிமையையும் தருகிறது. அதற்கென நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலரிடம் அவர் சார்பாக நீங்களும் தகவல் கொடுக்கலாம். 181 என்ற எண்ணில் பெண்கள் உதவி மையம் இருக்கிறது. ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவ உதவி, சட்ட உதவி, மனநல ஆலோசனை, சில நாள் தங்குமிடம் ஆகியவை ஒரே இடத்தில் கிடைக்கும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று அவர் தயங்கினால், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்பதைச் சொல்லுங்கள். எப்போது, எதைச் செய்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும். கணவரை அழைத்து நீங்களே பஞ்சாயத்துப் பேசினால், அன்றிரவு அடி கூடக்கூடும்.

குழந்தை மீது பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரியவந்தால் நிலைமை வேறு. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, அதைக் காவல் துறைக்குத் தெரிவிப்பதைக் கடமையாக்குகிறது. அங்கே காத்திருக்க உங்களுக்கு அனுமதி இல்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐயும் உடனே அழையுங்கள்.

கேள்வி: தீபாவளிக்கு எங்கள் மையத்துப் பிள்ளைகளுக்குத் துணி வழங்கும் நன்கொடையாளர், மேடையில் வரிசையாக நிறுத்திப் புகைப்படம் எடுக்க வேண்டும் என்கிறார். மறுத்தால் உதவி நின்றுவிடும் என்று அஞ்சுகிறோம்.
– ஒரு வாசகி, புதுச்சேரி முத்தியால்பேட்டை

பதில்: மறுத்துவிடுங்கள். அந்தப் படம் இணையத்தில் போனால், பத்து ஆண்டுகள் கழித்தும் அந்தப் பிள்ளையால் அதை அழிக்க முடியாது. துணியைத் தாய்மாரிடம் முன்னதாகவே கொடுத்துவிட்டு, அவர்கள் கையால் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும்படி செய்யுங்கள். நன்கொடையாளருக்கு ரசீதும், எந்தெந்த வயதுக்கு எத்தனை உடுப்பு என்ற கணக்கும், உங்கள் மையத்தின் சார்பில் ஒரு நன்றிக் கடிதமும் அனுப்புங்கள்.