‘நிறுவத் தெரியவில்லை’ என்று சொல்பவருக்கும் போய்ச் சேர: கேள்வி பதில்

கட்டற்ற மென்பொருள் எழுதும் சிங்கப்பூர் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில்கள்.

பைத்தானில் தமிழ்ச் சொற்பிழை திருத்தி எழுதியிருக்கிறேன். ‘பைத்தானை நிறுவி, பிப் கட்டளை (நூலகங்களை இறக்கித் தருவது) கொடுங்கள்’ என்று விளக்கமும் வைத்தேன். யாரும் தொடவில்லையே, அண்ணே? (தெம்பனிஸ்)

பிழை திருத்த வந்தவரிடம் கட்டளை தட்டும் கறுப்புத் திரையைக் காட்டினால் ஓடத்தான் செய்வார். பைஇன்ஸ்டாலர் என்ற கருவி பைத்தானையும் நூலகங்களையும் சேர்த்தே கட்டித் தந்துவிடும். ஆனால் எந்த இயங்குதளத்தில் கட்டுகிறீர்களோ அதற்கு மட்டும்தான் கோப்பு கிடைக்கும். மேக் இல்லையென்றால் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் இருக்கிறது. அந்த இணையச் சேவை, பொதுவில் திறந்திருக்கும் நிரல்களுக்கு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாகக் கட்டித் தரும்.

‘ஒரே கோப்பு’ வடிவம் பார்க்க அழகு. ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தற்காலிகக் கோப்புறையில் தன்னைப் பிரித்துப் போடுவதால் மெதுவாகத் திறக்கும், வைரஸ் தடுப்பானும் அடிக்கடி சந்தேகப்படும். நானாக இருந்தால் கோப்புறை வடிவில் கட்டி, இன்னோ செட்டப் என்ற கருவியில் நிறுவியாக (இன்ஸ்டாலர்) ஆக்குவேன். அதில் நிர்வாகிக் கடவுச்சொல் கேட்காமல் அந்தப் பயனரின் கணக்கில் மட்டும் நிறுவும்படி அமைக்க முடியும். ‘எந்தக் கோப்புறை?’ என்ற கேள்வியையும் எடுத்துவிடுங்கள்.

நிறுவியைத் திறந்ததும் விண்டோஸ் நீலத் திரையில் எச்சரிக்கிறது. அம்மா பயந்து மூடிவிட்டார். (யீஷூன்)

அது விண்டோஸின் பாதுகாப்புக் கருவி, ஸ்மார்ட்ஸ்கிரீன். எழுதியவர் யாரென்று காட்டும் மின்கையொப்பமில்லாத, அதிகம் பேர் இறக்காத கோப்பு என்றால் தடுக்கும். ‘மோர் இன்ஃபோ’ என்ற சின்ன எழுத்தை அழுத்தினால்தான் ‘ரன் எனிவே’ பொத்தானே தெரியும். அதை அழுத்தச் சொல்லிப் படம் போட்டு விளக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மோசடிச் செயலிகளைப் பற்றி இங்கே போலீஸ் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது, பெரியவர்கள் மோசடித் தடுப்புச் செயலியான ஸ்கேம்ஷீல்டைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அம்மா செய்ததுதான் சரி!

நிரலில் கையொப்பமிடுவதுதான் வழி. சைன்பாத் அறக்கட்டளை தகுதியுள்ள கட்டற்ற மென்பொருள்களுக்கு இதை இலவசமாகச் செய்து தருகிறது. அதற்கப்புறமும் நம்பகம் சேரும்வரை எச்சரிக்கை சில காலம் வரலாம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் எம்எஸ்ஐஎக்ஸ் என்ற விண்டோஸ் தொகுப்பு வடிவில் கொடுத்தால் கையொப்பத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

மேக்கில் கையொப்பமிடச் செலவு உண்டு: ஆப்பிள் உருவாக்குநர் கணக்குக்கு ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர். 2024இல் வந்த மேக் பதிப்பான செக்கோயாவில், எச்சரிக்கையைத் தாண்டக் கண்ட்ரோல் விசையை அழுத்தித் திறக்கும் பழைய குறுக்குவழியையும் மூடிவிட்டார்கள்.

லினக்ஸுக்கு டெப், ஸ்னாப், ஃபிளாட்பேக், ஆப்இமேஜ் என்று எத்தனையோ தொகுப்பு வடிவங்கள்... எதைக் கொடுப்பது? (உட்லண்ட்ஸ்)

நான்கையும் கொடுத்துப் புதியவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். ஃபிளாட்பேக் செயலிகள் கிடைக்கும் ஃபிளாட்ஹப் தளத்தில் ஒன்று போதும். ஆப்இமேஜுக்கு ‘இயக்க அனுமதி’ கொடுக்க வேண்டும், உபுண்டு 22.04இலிருந்து பழைய வகை ஆப்இமேஜுக்கு லிப்ஃபியூஸ்2 என்ற நூலகம் தனியாக வேறு வேண்டும்.

என் மாணவர்களின் கணினியில் எதையும் நிறுவ முடியவில்லை. (ஜூரோங், தமிழாசிரியர்)

உயர்நிலைப் பள்ளிக் கற்றல் சாதனங்களில் அவற்றைக் கட்டுப்படுத்தும் நிர்வாகச் செயலி இருக்கிறது, டீச்சர். அங்கே நிறுவி வேலைக்கு ஆகாது. மென்பொருள் எழுதியவரிடம் உலாவியில் ஓடும் பதிப்பு கேளுங்கள்.

தமிழ் இடைமுகம் செய்தும் எல்லோருக்கும் ஆங்கிலத்திலேயே திறக்கிறதே? (பொங்கோல்)

கணினியின் மொழியைப் பார்த்து முடிவெடுக்கும்படி எழுதியிருப்பீர்கள். இங்கே வீட்டில் தமிழ் பேசுபவரின் விண்டோஸும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். முதல் திரையிலேயே ‘தமிழ்’ என்று தமிழ் எழுத்தில் ஒரு பொத்தான் வையுங்கள். அமைப்புகளுக்குள் மூன்றாம் அடுக்கில் ஒளித்துவைத்தால் யாரும் தேட மாட்டார்கள்.

எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியாமலிருக்க நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவையும் உள்ளே வைத்துவிடலாம். அதன் உரிமம் அனுமதிக்கிறது. உரிமக் கோப்பை மட்டும் கூடவே சேருங்கள்.

ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் உள்ள நிரலை நிறுவியாக்கிக் கொடுக்கலாமா? (பிடோக்)

தாராளமாக. காசுக்கும் விற்கலாம். அந்தப் பதிப்பின் மூல நிரல் கிடைக்கும் இணைப்பைப் பதிவிறக்கப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.