போட்டால் நன்றாக வருவானா?

கேள்வி: பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் என் மகனை எந்தத் துறையில் போட்டால் நன்றாக வருவான்? வழிகாட்ட எவ்வளவோ முயற்சி செய்தும் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறான்.

பதில்: துறையில் 'போட்டால்' என்கிறீர்களே, அந்தச் சொல்லில்தான் மாட்டிக்கொண்டேன். துணியைக் கொடியில் போடுகிறோம், பணத்தை வங்கியில் போடுகிறோம், கடிதத்தைத் தபால்பெட்டியில் போடுகிறோம். துணி சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். பணத்துக்கு வட்டி வரும். கடிதம் போய்ச் சேர்ந்தாலும் சேரும். இவற்றில் எதுவும் 'எனக்கு இங்கே பிடிக்கவில்லை' என்று எழுந்து வருவதில்லை. பையன் வருவான். 'என் கவிதையைப் போடுங்கள்' என்று மாதாமாதம் எழுதும் கவிஞர் ஒருவர் இருக்கிறார். எங்கே என்று அவர் சொல்வதில்லை, நானும் என் வசதிப்படி ஓர் இடத்தில் போட்டுவருகிறேன்.

பரிணாமக் கொள்கையைச் சொன்ன விஞ்ஞானி சார்லஸ் டார்வினையும் அவருடைய அப்பா இப்படித்தான் போட்டார். தான் டாக்டர், ஆகவே பையனும் டாக்டர். 1825-ல், 16 வயதில், எடின்பரோவில் மருத்துவப் படிப்பு. மயக்க மருந்து வராத காலம். ஒரு குழந்தைக்கு நடந்த அறுவை சிகிச்சையைப் பார்க்கப் போனவர் பாதியிலேயே ஓடிவந்தார். அப்புறம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. சரி, பாதிரியாராகட்டும் என்று கேம்பிரிட்ஜில் போட்டார்கள். பட்டம் வந்தது, பாதிரியார் வரவில்லை. 1831-ல், உலகைச் சுற்றி ஆய்வுக்குப் போகும் பீகிள் கப்பலில் வரச்சொல்லி அழைப்பு. அப்பா கூடாது என்றார். ஆனால், புத்தியுள்ள ஓர் ஆள் போகச் சொன்னால் அனுப்புகிறேன் என்று ஒரு வார்த்தையும் விட்டுவைத்தார். பையன் அப்பாவின் ஆட்சேபங்களை வரிசையாக எழுதினான், மொத்தம் 8. 'நிலையாக உட்கார மாட்டான்', 'மறுபடியும் தொழிலை மாற்றுகிறான்' என்று எல்லா வீட்டிலும் கேட்கிற அதே பாட்டுத்தான். தாய்மாமன் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். அப்பா இறங்கிவந்தார். ஏறக்குறைய 5 வருஷப் பயணத்தின் செலவும் அவர் தலையிலேயே விழுந்தது.

உங்கள் ஆட்சேபங்களையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எட்டு தேறுகிறதா? எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் ஒன்றுதான் தேறும்: நாலு பேர் என்ன சொல்வார்கள். பையன் எந்த வேலைக்கு ஆசைப்படுகிறானோ, அதைச் செய்கிறவரோடு ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு வரட்டும். டார்வினுக்கு அரை நாள்கூடத் தேவைப்படவில்லை. தாய்மாமனையும் ஒரு வார்த்தை கேளுங்கள், அவரோடு உங்களுக்குப் பேச்சுவார்த்தை இருந்தால்.

அப்புறம், கடிதத்தில் 'முயற்ச்சி' என்று எழுதியிருந்தீர்கள். 'ற்' போட்ட பிறகு இன்னொரு மெய்யெழுத்து போடக் கூடாது என்று 20 வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். அந்த 'ச்'சை எடுத்துவிட்டுத்தான் மேலே போட்டிருக்கிறேன்.