நிருபர் போன் செய்தால் யார் பேசுவது?

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் தங்கச்சிமடத்துக்காரன். நாங்கள் ஏழு பேர் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் ஒரு செயலி செய்து வருகிறோம். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் காற்று, அலை முன்னறிவிப்பை நாட்டுப்படகுக்காரர்களுக்குப் புரிகிற தமிழில் காட்டும். கட்டற்ற மென்பொருள்தான், நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்; காசு கிடையாது. போன மாதம் வடகடலில் ஒரு படகு காற்றில் மாட்டிக்கொண்டது. மூன்று பேர் மறுநாள்தான் கரை சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர், செயலியைப் பார்த்துத்தான் போனோம் என்று சொல்லிவிட்டார். எங்கள் குழுவில் ஒருவனுக்கு நிருபர் போன் போட, அவன் பதறிப்போய் "டேட்டா எங்களுடையது இல்லை, நாங்கள் பொறுப்பில்லை" என்றான். மறுநாள் அதுவே தலைப்பு. உண்மையில் கடலுக்குள் சிக்னல் போனதும் முந்தைய நாள் முன்னறிவிப்பே திரையில் நின்றிருக்கிறது. தேதி சின்ன எழுத்தில் இருந்தது. இனி பத்திரிகைக்காரர்களிடம் பேசவே வேண்டாம் என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

*

அன்புள்ள தம்பி,

மூன்று பேரும் கரை சேர்ந்தார்கள் என்ற வரிக்கு வந்த பிறகுதான் மூச்சு வந்தது.

பேசுங்கள். நீங்கள் பேசாவிட்டாலும் செய்தி வரத்தான் போகிறது. 2019 ஜூலையில், கணினியில் படம் பார்க்க உதவும் விஎல்சி பிளேயர் என்ற கட்டற்ற மென்பொருளுக்கு நடந்தது இதுதான். அதில் பெரிய பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது, உடனே கணினியிலிருந்து நீக்குங்கள் என்று உலகம் முழுக்க எழுதினார்கள். பிழை விஎல்சியில் இல்லை. அது பயன்படுத்தும் வேறொரு துணை நிரலின் பழைய பதிப்பில் இருந்தது, அதையும் 16 மாதங்களுக்கு முன்பே சரிசெய்திருந்தார்கள். விஎல்சியை உருவாக்கும் வீடியோலேன் குழு சும்மா இருக்கவில்லை. எந்தப் பதிப்பில் பிழை இருந்தது, எப்போது சரியானது என்பதை உடனே எல்லோரும் பார்க்கும்படி எழுதினார்கள். அதன் பிறகே செய்திகள் திருத்தப்பட்டன.

உங்கள் நண்பரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. கட்டற்ற மென்பொருள் உரிமங்கள் பெரும்பாலானவற்றில் 'எந்த உத்தரவாதமும் இல்லை' என்ற வரி இருக்கும். ஆனால் அது சட்டத்துக்காக எழுதிய வரி. ராத்திரி முழுக்க கரையில் உட்கார்ந்து காத்திருந்த ஒரு வீட்டுக்காரியின் காதில் அது எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் இன்னொன்று. முன்னறிவிப்பு தந்தவர்கள் பக்கம் கையைக் காட்டியது நியாயமில்லை. பழைய தகவலைத் திரையில் நிற்கவிட்டது உங்கள் நிரல்தான்.

நிருபரின் நிலைமையையும் புரிந்துகொள்ளுங்கள். மாலைக்குள் அவர் செய்தி அனுப்பியாக வேண்டும். தலைப்பு வைப்பது பெரும்பாலும் அவர் இல்லை, பத்திரிகை அலுவலகத்தில் செய்தியைத் திருத்தும் டெஸ்க்கில் இருப்பவர். நீங்கள் சொல்லும் பத்து வாக்கியங்களில் எது தலைப்பாகும் என்பது அவர் கையிலும் இல்லை. ஆகவே குறைவாகச் சொல்லுங்கள், தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். கேள்வியை வாங்கிக்கொண்டு, எத்தனை மணிக்குள் வேண்டும் என்று கேட்டு, "அரை மணி நேரத்தில் நானே கூப்பிடுகிறேன்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் கட்டாயம் கூப்பிட வேண்டும்.

யார் கூப்பிடுவது? பாம்பனில் புயல் கூண்டு ஏற்றுவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். பகலில் கூண்டு, இரவில் விளக்கு, 1 முதல் 11 வரை எண். எல்லோருக்கும் தெரிகிற ஓர் இடத்தில் ஏற்றுவார்கள். தெருவுக்கு ஓர் எண் ஏற்றினால் எந்தப் படகுக்காரர் அதைப் பார்ப்பார்? உங்கள் ஏழு பேரில் ஒருவரைப் பேசுகிறவராக வைத்துக்கொள்ளுங்கள், அவர் இல்லாத நேரத்துக்கு இன்னொருவர். நன்றாக நிரல் எழுதுகிறவராக இருக்க வேண்டும் என்பதில்லை. பதறாதவராக இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அழைப்பு வந்தால் அந்த எண்ணைக் கொடுத்துவிட்டு வைத்துவிடலாம். அந்த ஒரு எண்ணைத் தவிர மற்றவர்களின் எண்ணை, அவர்களைக் கேட்காமல் யாருக்கும் தர வேண்டாம். டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்குவது போன்ற பெரிய திட்டத்திலேயே பத்திரிகைகளுக்குப் பதில் சொல்ல தன்னார்வலர்கள் தனியாக இருக்கிறார்கள்.

இப்போதே ஒரு பக்கம் எழுதி வையுங்கள். செயலி என்ன செய்கிறது, தகவல் எங்கிருந்து வருகிறது, எத்தனை மணிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது, சிக்னல் இல்லாவிட்டால் என்ன ஆகும், மீன்வளத்துறை எச்சரிக்கைக்கு இது ஏன் மாற்று இல்லை, இவ்வளவுதான். நிருபர் அப்படியே எடுத்துப் போடுகிற மாதிரி எளிய தமிழில் இருக்கட்டும்.

அதில் ஏழு பேரின் பெயரும் இருக்கட்டும், சம்மதித்தால். இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு தமிழ்ப் பிழைதிருத்தி செய்தோம். கீழக்கரையைச் சேர்ந்த ஒரு தங்கை இரண்டு வருடம் உட்கார்ந்து சொற்களைத் திரட்டினாள். நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதி, அப்புறம் தட்டச்சு செய்து அனுப்புவாள். ஒரு பத்திரிகை என்னிடம் பேட்டி எடுத்தது. என் படத்தை மட்டும் போட்டு 'ராமநாதபுரம் வாலிபர் கண்டுபிடிப்பு' என்று வந்தது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு சொற்பட்டியல் வருவது நின்றுபோனது. பெயர்களை எழுதி நிருபர் கையில் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

பிழையை ஒப்புக்கொள்வதில் தயக்கம் வேண்டாம். "சிக்னல் போனால் பழைய முன்னறிவிப்பு திரையில் நிற்கிறது. தேதி கண்ணில் படும்படி இல்லை. அது எங்கள் தவறு. திருத்திய பதிப்பு வரும்வரை கரையிலிருந்து கிளம்புமுன் தேதியைப் பாருங்கள்." நான்கு வாக்கியம் போதும். இந்தப் பிழையை உடனே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாளைக் காலையும் படகு போகும். வெளியாள் நுழைகிற மாதிரியான பாதுகாப்பு ஓட்டை என்றால் மட்டும், திருத்தத்தை வெளியிட்ட பிறகு விவரம் சொல்லுங்கள். வந்த செய்தி தவறென்றால் எந்த வரி தவறு, சரியானது எது என்று சண்டையில்லாமல் அந்த நிருபருக்கே எழுதுங்கள்.

அந்த மூன்று பேரைப் போய்ப் பார்த்தீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. நிருபரிடம் சொல்லும் முன் அந்த நான்கு வாக்கியத்தை அவர்களிடம் நேரில் சொல்லுங்கள். தேதி எவ்வளவு பெரிதாக இருந்தால் ஆடும் படகில் கண்ணுக்குத் தெரியும் என்று அவர்களிடமே கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் பாம்பனில் இருப்பேன். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்