வீட்டுப் பரணிலும் தோட்டத்திலும் தொல்லை தரும் அணில்களை ஏர் ரைபிளால் சுடலாமா?

பர்மிங்ஹாமில் வரிசை வீடு ஒன்றில் இருக்கிறீர்கள். பரணில் சாம்பல் அணில்கள் குடியேறிவிட்டன. ஏர் ரைபிள் வாங்கலாமா, சட்டம் இடம் தருமா, ஒரே குண்டில் சாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டம் பெரும்பாலும் இடம் தருகிறது. சுடத் தெரிந்தவர் கையில் ஒரே குண்டில் சாகும். ஆனால் நீங்கள் விவரித்திருக்கும் வீட்டில், 10 மீட்டர் தோட்டத்தில், மரவேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் விளையாடும் இடத்தில், தயவுசெய்து வாங்காதீர்கள். முதலில் கூரையில் இருக்கும் ஓட்டையை அடைத்துவிடுங்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். நான் எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் செய்தவன்.

கென்ட் பகுதியில் ஒரு கிராமத்தின் கடைசி வீடு எங்களுடையது. பின்னால் அரை ஏக்கர் தோட்டம், அதன் எல்லையில் மேய்ச்சல் நிலம், நடுவே வயதான ஓக் மரம். குடிவந்த முதல் குளிர்காலத்தில் விடியற்காலையில் படுக்கைக்கு நேர் மேலே யாரோ கோலிக்குண்டு உருட்டுவது போலச் சத்தம் கேட்கும். பரணில் ஏறிப் பார்த்தபோது கூரைக்கு அடியில் விரித்திருந்த வெப்பக் காப்புப் பஞ்சைக் கிழித்து இரண்டு இடங்களில் கூடு கட்டியிருந்தன. படிக்கட்டு விளக்குக்குப் போகும் மின்கம்பியின் மேலுறையை ஒரு சாண் நீளத்துக்குக் கொறித்துவிட்டன. செம்பு வெளியே தெரிந்தது. கொறிவிலங்கின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கொறித்துத் தேய்த்தாக வேண்டும். அதற்கு மின்கம்பியும் ஒன்றுதான், உத்தரமும் ஒன்றுதான். கம்பியை மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் அதைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசவே இல்லை.

பூச்சி, எலி ஒழிப்பு நிறுவனம் ஒன்றை அழைத்தேன். கூண்டுப்பொறி வைத்து நான்கு அணில்களைப் பிடித்துப் போனார்கள், பணம் வாங்கினார்கள். இறவாரத்தில் பலகை உளுத்து விட்டுப்போயிருந்த இடைவெளியை அவர்கள் பார்க்கவும் இல்லை, பார்க்கச் சொல்ல எனக்கும் தெரியவில்லை. ஐந்து வாரத்தில் மறுபடியும் கோலிக்குண்டுச் சத்தம். அப்போதுதான் 5.5 மி.மீ. குண்டு போடும் ஸ்பிரிங் ரைபிள் (ஸ்பிரிங் விசையால் காற்றை அழுத்திச் சுடும் ஏர் ரைபிள்) ஒன்றைப் பழையதாக வாங்கினேன். சனி, ஞாயிறு இரண்டு நாள் காகிதத்தில் சுட்டுப் பார்த்தேன். சுமாராகப் பட்டது. போதும் என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஓக் மரத்தின் தாழ்ந்த கிளையில், 30 மீட்டருக்கு மேல் இருக்கும், ஓர் அணில் உட்கார்ந்திருந்தது. நின்றபடியே சுட்டேன். அது கத்திக்கொண்டு விழுந்தது, பிறகு பின்னங்கால்களை இழுத்தபடி புதருக்குள் போய்விட்டது. இருட்டும்வரை தேடினேன். மறுநாள் காலை வேலியடியில் கண்டேன். உயிர் இருந்தது. அதன் கண் என்னைப் பார்த்தது. அதை முடித்துவைத்த கையோடு ரைபிளைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். மூன்று மாதம் திறக்கவில்லை. பொருளை நாசம் செய்யும் உயிரைக் கொல்வது தவறென்று நான் இன்றும் நினைக்கவில்லை. அதை ஓர் இரவு முழுவதும் வதைபட விட்டது தவறு. அந்தத் தவறு என்னுடையது.

எங்கள் சந்தின் மறுமுனையில் முன்பு வேட்டைக்காட்டுக் காவலராக இருந்த முதியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒரு 2 பவுண்டு நாணயத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "அணிலின் மூளை இதைவிடச் சிறியது. ஐந்து குண்டு சுட்டால் ஐந்தும் இதற்குள் விழும் தூரம் எதுவோ அதுதான் உன் தூரம். அதற்கு ஓர் அடி தள்ளி உட்கார்ந்திருந்தாலும் அந்த அணில் உனக்கு இல்லை" என்றார். அந்த நாணயத்தின் குறுக்களவு 28 மி.மீ. சொச்சம். என் தூரம் அன்று 12 மீட்டர்தான் என்று தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. ஓராண்டுப் பயிற்சிக்குப் பிறகு, உட்கார்ந்து, துப்பாக்கியைத் தாங்குகாலில் சாய்த்து, 25 மீட்டர் வரை வந்திருக்கிறேன். அதைத் தாண்டி நான் சுடுவதில்லை.

ஸ்பிரிங் ரைபிள் பழகுவதற்குக் கடினமானது. குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே உள்ளே இருக்கும் கனமான பிஸ்டன் முன்னால் பாய்ந்து துப்பாக்கியை உலுக்கிவிடும். இறுக்கிப் பிடித்தால் ஒரு பக்கமும் தளர்த்திப் பிடித்தால் வேறு பக்கமும் போகும். அழுத்திய காற்றை உருளையில் நிரப்பிச் சுடும் வகையில் இந்த உலுக்கல் இல்லை. விலை அதிகம். ஆனால் உயிருள்ள ஒன்றைச் சுடப் போகிறவர்கள் முடிந்தால் இந்த வகையையே வாங்க வேண்டும் என்பது என் எண்ணம். 4.5 மி.மீ. குண்டா, 5.5 மி.மீ. குண்டா என்று மணிக்கணக்காக வாதிடுவார்கள். முன்னது வேகமாக, நேராகப் போகும். பின்னது கனமானது, தாக்கம் அதிகம். சரியான இடத்தில் பட்டால் இரண்டும் கொல்லும். படாவிட்டால் இரண்டும் வதைக்கும். பட வேண்டிய இடம் தலை மட்டுமே: பக்கவாட்டில் கண்ணுக்கும் காதுக்கும் இடையே.

இனி சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குழல்முனை ஆற்றல் 12 அடி-பவுண்டுக்கு, ஏறத்தாழ 16 ஜூலுக்கு, மேற்படாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. வாங்குபவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் சான்றிதழ் கட்டாயம். வட அயர்லாந்தில் அந்த ஆற்றல் 1 ஜூலுக்கு மேற்பட்டாலே சான்றிதழ் வேண்டும். உங்களுக்கு முக்கியமானது இதுதான்: உங்கள் இடத்தில் நின்று சுடும் குண்டு, சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் உங்கள் எல்லையைத் தாண்டினால் அதுவே குற்றம். யாருக்கும் அடிபட வேண்டியதில்லை, தாண்டினாலே போதும். 10 மீட்டர் தோட்டத்தில், வேலிமேல் ஓடும் அணிலைக் குறிபார்த்தால், தவறிய குண்டு எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். அணிலுக்குப் பின்னால் மண்மேடோ தடித்த அடிமரமோ இல்லாவிட்டால் சுடக் கூடாது. கூரை விளிம்பில், வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்கும் அணிலை ஒருபோதும் சுடக் கூடாது. கூடவே, 18 வயதுக்குக் குறைந்தவர்கள் கையில் ரைபிள் சிக்காதபடி வைத்திருக்க வேண்டியது உங்கள் சட்டக் கடமை. எங்கள் வீட்டில் ரைபிள் ஒரு பூட்டிலும் குண்டுகள் வேறொரு பூட்டிலும் இருக்கின்றன.

சாம்பல் அணிலுக்குப் பாதுகாப்பு இல்லை. செவ்வணிலுக்கு உண்டு, அதைக் கொல்வது 1981 ஆம் ஆண்டின் வனவுயிர் சட்டப்படி குற்றம். பர்மிங்ஹாமில் செவ்வணில் கிடையாது. ஆனால் கம்ப்ரியா, நார்தம்பர்லேண்ட், வைட் தீவு, ஸ்காட்லாந்து ஆகிய இடங்களில் இருப்பவர்கள் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. கோடையில் சாம்பல் அணிலின் முதுகிலும் விலாவிலும் செம்பட்டை தட்டும். குளிர்காலச் செவ்வணில் சற்றுச் சாம்பல் பூத்திருக்கும். வாலின் ஓரத்தில் வெள்ளை விளிம்பு தெரிந்தால் அது சாம்பல் அணில். குளிர்காலத்தில் காதில் குஞ்சம் நின்றால் செவ்வணில்.

கூண்டில் பிடித்து ஏதாவது காட்டில் விட்டுவிடலாமே என்று நம்மவர்கள் பலரும் கேட்கிறார்கள். மனம் அப்படித்தான் கேட்கும். ஆனால் பிடித்த சாம்பல் அணிலை எங்கே விட்டாலும், பிடித்த இடத்திலேயே விட்டாலும், குற்றம். 2019 டிசம்பர் முதல் விதி அப்படி. தண்ணீரில் முக்கிக் கொல்வது விலங்கு நலச் சட்டப்படி குற்றம். ஆகவே பொறி வைப்பவர் கொல்லவும் ஆயத்தமாக இருக்க வேண்டும். நாளுக்கு ஒரு முறையாவது பொறியைப் பார்க்கவும் வேண்டும். ஏர் ரைபிளுக்கு வீட்டளவில் மிகச் சரியான பயன் இதுதான் என்பேன். மெத்தென்ற மண்ணின்மேல் வைத்த கூண்டில், அசையாத தலைக்கு மேலிருந்து, கைத்தொலைவில் சுடும் ஒரே குண்டு. அங்கே குறி தவறுவதில்லை.

ஏன் இவ்வளவு கடுமை என்று தோன்றலாம். சாம்பல் அணில் இந்த மண்ணின் விலங்கு அல்ல. 1876 இல் செஷையரில் ஹென்பரி என்ற பண்ணையில் வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். 1890 வாக்கில் வோபர்னில் பெட்ஃபோர்ட் பிரபுவின் தோட்டத்தில் விட்டு, அங்கிருந்து நண்பர்களுக்கெல்லாம் அன்பளிப்பாக அனுப்பினார்கள். இன்று ஏறத்தாழ 27 லட்சம் இருக்கும் என்கிறார்கள். செவ்வணிலைக் கொல்லும் அம்மைக் கிருமியைத் தான் நோயுறாமல் சுமந்து திரிகிறது. 1953 இல் அரசாங்கம் வாலுக்கு ஒரு ஷில்லிங் என்று விலை வைத்தது, பிறகு இரண்டு ஷில்லிங் ஆக்கியது. வால்கள் வந்து குவிந்தன. 1958 இல் திட்டத்தைக் கைவிட்டார்கள், அணில்கள் குறையவில்லை. ஆனால் வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் 1998 இல் தொடங்கி, பல ஆண்டுகள் விடாமல் பொறி வைத்து ஒழித்துக்கட்டினார்கள், செவ்வணில் மீண்டது. அங்கே சுற்றிலும் கடல் இருந்தது. என் தோட்டத்தைச் சுற்றிக் கடல் இல்லை. ஓர் அணிலைக் கொன்றால் அதன் மரத்துக்குப் பக்கத்துக் காட்டிலிருந்து சில வாரங்களில் வேறொன்று வந்துவிடும். இதை நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்: ஒரு குளிர்காலத்தில் 11 சுட்டேன். பிப்ரவரியில் மரத்தில் எப்போதும்போல மூன்று விளையாடிக்கொண்டிருந்தன.

சத்தம் நின்றது துப்பாக்கியால் அல்ல. உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை அடித்து, உள்பக்கம் 25 மி.மீ. கட்டம் கொண்ட பற்றவைத்த கம்பிவலையை முடுக்கிய பிறகுதான் நின்றது. கோழிவலை போதாது, கடித்து வளைத்துவிடும். நுரை அடைப்பான் அதற்கு ஒரு காலைச் சிற்றுண்டி. கூரையைத் தொடும் ஓக் கிளைகளை இரண்டு மீட்டர் தள்ளி வெட்டச் செய்தேன். பறவைத் தீனிக்குழாயைக் கம்பத்துக்கு மாற்றி, நடுவே கூம்புத் தகடு மாட்டினேன். மொத்தச் செலவு, முதலில் அந்த நிறுவனத்துக்குக் கொடுத்ததில் பாதிதான். நான்கு குளிர்காலமாகப் பரண் அமைதியாக இருக்கிறது. ரைபிள் இன்றும் இருக்கிறது. பழக்கொட்டகைப் பலகையைக் கொறிக்கத் தொடங்கும் அணிலுக்காக ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை எடுக்கிறேன். அதுவும் அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள். வசந்தத்திலும் நடுக்கோடையிலும் கூட்டில் கண் திறக்காத குட்டிகள் இருக்கும். தாயைச் சுட்டால் அவை பசியால் சாகும். சட்டம் இதற்குத் தடைக்காலம் எதுவும் வைக்கவில்லை. நான் வைத்திருக்கிறேன்.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஒருநாள் சன்னல் வழியாக வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதற்கு முதுகில் கோடே இல்லையே, தம்பி" என்றார். பிறகு, "கோடு இல்லாவிட்டாலும் வலிக்கும்தானே?" என்று கேட்டார். வலிக்காமல் செய்யத்தான் பழகுகிறேன் அம்மா என்றேன். அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை. தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்கள் நம் ஊர் மூவரி அணிலுக்கு இதைப் பொருத்திக்கொள்ள வேண்டாம். அது அந்த மண்ணுக்கே உரியது, அங்குள்ள சட்டமும் வேறு.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நல்ல வெயில் அடிக்கும் நாளில் நண்பகலில் பரணில் ஏறி, விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள். இறவாரம், புகைபோக்கியின் அடி, பக்கத்து வீட்டோடு சேரும் சுவரின் மேல்விளிம்பு: வெளிச்சம் எங்கே கசிகிறதோ அங்கே 5 செ.மீ. அகலம் இருந்தாலே அது வாசல்தான். வரிசை வீடு என்பதால் வாசல் பக்கத்து வீட்டுக் கூரையிலும் இருக்கலாம். அவர்களோடு பேசுங்கள், செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். அடைக்கும் முன் கூட்டைக் கையால் தொடாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். குட்டிகள் இருந்தால், அவை தாமாக வெளியே நடமாடும்வரை, சுமார் 10 வாரம், பொறுங்கள். அதுவரை மின்கம்பிகளை எலக்ட்ரீஷியனிடம் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். குட்டிகள் இல்லையென்றால் வாசலில் ஒருவழிக் கதவு மாட்டுங்கள்: உள்ளிருப்பது வெளியேறும், திரும்ப நுழையாது. ஒரு வாரம் எந்தச் சத்தமும் இல்லையென்று உறுதியான பிறகு கம்பிவலையை அடியுங்கள்.