இஸ்ரேல்–பாலஸ்தீன அமைதிப் பேச்சு ஏன் நின்றுபோனது? யார் மேல் தவறு?

யார் மேல் தவறு என்று தொடங்கினால் விடியவிடியப் பேசலாம். எங்கே சிக்கியது என்று பார்ப்பதுதான் பயன்.

இரு தரப்பும் கடைசியாக முறையாக உட்கார்ந்து பேசியது 2013 ஜூலை முதல் 2014 ஏப்ரல் வரை, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரியின் முயற்சியில். கெடு ஒன்பது மாதம். 1993 ஒஸ்லோ அமைதி ஒப்பந்தத்துக்கு முன்பிருந்தே சிறையில் இருந்த 104 பாலஸ்தீனரை இஸ்ரேல் நான்கு தவணையில் விடும். அதுவரை பாலஸ்தீனத் தரப்பு சர்வதேச அமைப்புகளில் சேர முயலாது. பாலஸ்தீனர் தங்கள் நாட்டுக்காகக் கேட்கும் நிலத்தில் இஸ்ரேலியருக்கு வீடு கட்டும் குடியேற்றக் கட்டுமானத்தை நிறுத்துவது இந்த ஏற்பாட்டில் இல்லை. ஓட்டை அங்கேதான்.

மூன்று தவணையில் 78 பேர் வெளியே வந்தார்கள். பேச்சை நீட்டிக்கச் சம்மதித்தால்தான் மிச்சம் 26 பேர் என்றது இஸ்ரேல். அந்த நான்காம் தவணைக்கான மார்ச் இறுதிக் கெடு தாண்டியது. ஏப்ரல் 1 அன்று பாலஸ்தீன அதிபர் அப்பாஸ் 15 சர்வதேச உடன்படிக்கைகளில் சேரும் விண்ணப்பங்களில் கையெழுத்திட்டார். அதே நாளையொட்டி ஜெருசலேமின் கிலோ குடியேற்றத்தில் சுமார் 700 வீடுகளுக்கு இஸ்ரேலின் டெண்டர் வந்தது. ஏப்ரல் 23இல் அப்பாஸின் ஃபத்தா கட்சியும், இஸ்ரேலை ஏற்காத போட்டி இயக்கமான ஹமாஸும் சமரசமாக, மறுநாளே இஸ்ரேல் பேச்சை நிறுத்தியது. எல்லைக்கோட்டில் ஒரு முடிவும் எட்டாமலே கதை முடிந்தது.

இதன் வேர் 1993 ஒஸ்லோவில் இருக்கிறது. ஜெருசலேம், அகதிகள், எல்லை, குடியேற்றங்கள் என்று கடினமான எல்லாவற்றையும் 'பிறகு' என்று தள்ளி வைத்தார்கள். அந்தப் பிறகுக்கும் ஒரு தேதி உண்டு: 1999 மே 4. 1995இல் மேற்குக் கரையை ஏ, பி, சி என்று மூன்று வகைப் பகுதிகளாகப் பிரித்தார்கள்; பிந்தைய மாற்றங்களுக்குப் பின் ஏ சுமார் 18%, பி 22%, சி 60%. சி முழுக்க இஸ்ரேல் கையில். பாலஸ்தீன நிர்வாகத்தில் உள்ள ஏயும் பியும் அதற்குள் தீவுத் தீவாக. ஐந்தாண்டுத் தற்காலிக ஏற்பாடு இன்றும் அப்படியே. கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக அன்று சுமார் 1.1 லட்சமாக இருந்த குடியேறிகள் இன்று 5 லட்சத்துக்கு மேல். கோடு எங்கே போட்டாலும் அதற்கு அந்தப்பக்கம் மாட்டுபவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறார்கள்.

கிட்டத்தட்ட நெருங்கியதும் உண்டு. 2008 செப்டம்பரில் அன்றைய இஸ்ரேல் பிரதமர் ஓல்மெர்ட் மேற்குக் கரையில் சுமார் 6.3% எடுத்துக்கொண்டு, ஈடாக 5.8% நிலம் தருவதாக வரைபடம் காட்டினார். பிரதி தரவில்லை. அப்பாஸ் அதை நினைவிலிருந்து ஒரு நாப்கினில் வரைந்துகொண்டார்! ஊழல் விசாரணையில் மாட்டிய ஓல்மெர்ட் பதவி விலகுவதாக ஏற்கெனவே அறிவித்திருந்தார். போகிறவர் போடும் கையெழுத்தை யார் நம்புவார்?

எதிர்ப்பக்கமும் இதே கேள்விதான். 2006 தேர்தலில் ஹமாஸ் வென்றது, 2007இல் காசாவைப் பிடித்தது. அதன்பின் நாடாளுமன்றத் தேர்தலே இல்லை. அப்பாஸின் நாலாண்டுப் பதவிக்காலம் 2009லேயே முடிந்துவிட்டது. "காசாவுக்கும் சேர்த்து யார் கையெழுத்திடுவது?" என்று இஸ்ரேல் கேட்பது நியாயம்தான். ஆனால் இஸ்ரேலிய நாடாளுமன்றமே 2024 ஜூலையில் பாலஸ்தீன அரசை எதிர்த்து 68–9 என்று தீர்மானம் போட்டது.

2023 அக்டோபர் 7இல் ஹமாஸ் தலைமையிலான தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டதும், பின்பு இஸ்ரேலின் போரில் காசாவில் பல்லாயிரம் பேர் மாண்டதும் பேசத் தயாராக இருந்தவர்களையும் வாயடைத்துவிட்டன. 2025 அக்டோபர் போர்நிறுத்தம் பணயக்கைதிகள், படை விலகல், நிவாரணம் பற்றியது, எல்லையைத் தீர்க்கவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் கிழக்கு ஜெருசலேமுக்கும் மாலே அதுமிம் என்ற குடியேற்றத்துக்கும் இடையே இ-1 நிலத்தில் சுமார் 3,400 வீடுகளுக்கு இஸ்ரேல் ஒப்புதல் தந்தது. பாலஸ்தீன நகரங்களான ரமல்லாவையும் பெத்லகேமையும் கிழக்கு ஜெருசலேம் வழியாக இணைக்க மிச்சமிருந்த நிலம் அது.