வாசற்படிக்கு அப்பால் ஒரு நகரம்

வணக்கம். செய்திகளில் ஸபோரிஜியா என்றாலே அணுமின் நிலையத்தைத்தான் காட்டுகிறார்கள். அணை, மின்சாரம், ஆலை என்று சோவியத் காலத்தில் முளைத்த ஊர்தானா அது? அதற்கு முன்னால் சொல்லும்படி வரலாறு ஏதாவது உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒரு திருத்தம். அந்த அணுமின் நிலையம் ஸபோரிஜியா நகரத்தில் இல்லை. சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, எனெர்ஹொதார் என்ற ஊரில் இருக்கிறது. 2022 மார்ச்சில் ரஷ்யப் படைகள் அதைப் பிடித்தன. நகரம் உக்ரைன் வசமே இருக்கிறது.

சரி, வரலாறு. அது ஊரின் பெயரிலேயே இருக்கிறது. உக்ரைனிய மொழியில் 'பொரிஹ்' என்றால் வாசற்படி. ஆற்றின் குறுக்கே கிடந்து தண்ணீரை நுரைக்கவைக்கும் பாறை வரிசைக்கும் அதே சொல்தான். 'ஸா' என்றால் அப்பால். ஊருக்கு வடக்கே தினீப்ரோ ஆறு கருங்கல் பூமியைக் கடந்து வருகிறது. அங்கே இப்படி ஒன்பது பெரிய படிகள் இருந்தன. அவற்றைத் தாண்டி வரும் நிலம் ஸபோரிஜியா.

பத்தாம் நூற்றாண்டில் பைசாந்திய (கிழக்கு ரோமப்) பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் தன் மகனுக்காக எழுதிய நூலில் இந்தப் படிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விவரிக்கிறார். கீவிலிருந்து வரும் வணிகர்கள் ஒற்றை மரத்தைக் குடைந்த ஓடங்களில் வருவார்கள். முதல் படியில் ஆட்கள் ஆடையைக் களைந்து தண்ணீரில் இறங்கி, பாறை எங்கே என்று காலால் தடவித் தடவி ஓடத்தை நகர்த்துவார்கள். நான்காவது படியில் அதுவும் நடக்காது. சரக்கைச் சுமந்து, விற்கக் கொண்டுபோகும் அடிமைகளைச் சங்கிலியோடு நடத்தி, ஆறு மைல் கரைவழியாகப் போகவேண்டும். பெச்செனெக் என்ற நாடோடிக் கூட்டத்தார் தாக்குவார்கள் என்று காவல் வேறு. 972-இல் கீவின் இளவரசர் ஸ்வியாதொஸ்லாவ் இந்தப் படிகளருகேதான் அவர்களிடம் உயிரை விட்டார். படிகளைத் தாண்டிப் பிழைத்து வந்த வணிகர்கள் ஒரு தீவில் இறங்கி, பிரமாண்டமான ஓக் மரத்தடியில் சேவல் பலி கொடுத்தார்கள். அந்தத் தீவு இன்று நகரத்துக்கு நடுவே இருக்கும் ஹோர்த்தித்ஸியா; நீளம் மட்டும் 12 கிலோமீட்டர்.

படகுகள் எளிதில் வரமுடியாத இடம் என்பதால்தான் கொசாக்குகள் என்ற சுதந்திரப் போர்வீரர் கூட்டத்தாருக்கு இது புகலிடமானது. 1775-இல் பேரரசி இரண்டாம் கேத்தரின் அவர்களுடைய தலைமைப் பாசறையை அழித்தார். அதற்கு ஐந்து வருடம் முன்பே இங்கே ஒரு ரஷ்யக் கோட்டை எழும்பிவிட்டது. அதைச் சுற்றி வளர்ந்த அலெக்சாந்திரோவ்ஸ்க்தான் இன்றைய நகரம்.

எனக்கு மனம் ஆறாத இடம் இதற்கு அப்புறம் வருகிறது. 1921-இல்தான் ஊருக்கு ஸபோரிஜியா என்று பெயர் வைத்தார்கள். 1927-இல் இங்கே தினீப்ரோவின் குறுக்கே அணை வேலை தொடங்கியது. 1932-இல் ஒன்பது படிகளும் தண்ணீருக்குள் போய்விட்டன. படிகளின் பெயரை ஊர் சுமந்த பதினோரே வருடத்தில் படிகள் இல்லை! மின்சாரம் வந்தது, கப்பல் போக வழி பிறந்தது, உண்மைதான். ஆயிரம் வருடம் மனிதர்கள் பயந்து பெயர் வைத்த பாறைகள் போனதற்கு அது ஈடாகும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

2023 ஜூன் 6 அன்று ஆற்றில் இன்னும் கீழே இருந்த ககோவ்கா அணை தகர்ந்தது. உயிர்களையும் ஊர்களையும் வாரிக்கொண்டு போன பேரழிவு. நகரத்தருகே நீர் இறங்கியபோது ஹோர்த்தித்ஸியா கரையில் சேற்றிலிருந்து ஒரு பழைய ஓடம் வெளிப்பட்டது. ஒற்றை ஓக் மரத்தைக் குடைந்தது. வற்றிய ககோவ்கா நீர்த்தேக்கத்தின் தரையில் இப்போது வில்லோ மரங்கள் காடாக எழுந்து நிற்கின்றன. ஒன்பது படிகள் மட்டும் இன்னும் தண்ணீருக்குள்தான். 2024 மார்ச்சில் ஏவுகணைகள் தாக்கியும், அவற்றை மூழ்கடித்த அந்த மேல் அணை நிற்கிறது.