ஊர் அம்பேத்கர் சிலையை அந்தி நேரத்தில் நன்றாகப் படம் எடுப்பது எப்படி?

சூரியன் மறையும் நேரத்தில் எடுத்தால் முகம் கருத்துவிடுகிறது, கூண்டுக் கம்பியும் குறுக்கே வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். குடியாத்தம் பக்கம் என்று எழுதியிருப்பதால் நம்ம மாவட்டத்தை மனதில் வைத்தே சொல்கிறேன்.

முதலில், சிலை எந்தத் திசை பார்த்து நிற்கிறது? கிழக்கு பார்த்தது என்றால் மாலையில் சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். முகம் கருக்கத்தான் செய்யும். வேலூர் கோட்டை வாசலிலும் இதே கதைதான். வாசல் கிழக்கே இருப்பதால், ஊர்ப் பக்கம் நின்று பார்த்தால் பொழுது கோட்டைக்குப் பின்னால் சாயும். அப்படிப்பட்ட இடத்தில் முகத்துக்காகப் போராடாதீர்கள், உருவத்தை எடுங்கள். நம் ஊரில் தலைவர்களை நிழலுருவத்திலேயே அடையாளம் சொல்லிவிடலாம்: காந்திக்குக் கைத்தடி, பெரியாருக்குத் தாடி, அண்ணாவுக்கு உயர்த்திய விரல். அம்பேத்கருக்கு நீட்டிய கையும் மறு கையில் இருக்கும் புத்தகமும். நேர் எதிரே நின்றால் நீட்டிய கை உடம்போடு ஒட்டிப்போகும். கை தனியாக, விரலுக்குப் பின்னால் வெறும் வானம் தெரியும் வரை பக்கவாட்டில் நகருங்கள். கொஞ்சம் குனிந்து எடுத்தால் கரண்ட் கம்பியும் பேனரும் பெரும்பாலும் கீழே போய்விடும். போனில் வானத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவு பூட்டிக்கொள்ளும், பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம்.

மேற்கு பார்த்த சிலை என்றால் பெயிண்டைக் கவனியுங்கள். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. தங்க நிறம் பூசிய சிலைக்கு மறைவதற்கு முந்தைய அரைமணி நேர மஞ்சள் வெயில் அருமையாகப் பொருந்தும். நீலக் கோட்டுக்கு அது பொருந்தாது. அந்த வெயிலில் நீல ஒளி மிகக் குறைவு என்பதால் கோட்டு சாம்பல் பூத்தது போலத் தெரியும். சூரியன் இறங்கியபின் பத்து நிமிடம் காத்திருங்கள். வெளிச்சம் வானத்திலிருந்து மட்டும் வரும்போது அந்த நீலம் ஆழமாக எழுந்து நிற்கும். நம் பகுதியில் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும், இருபது நிமிடம் கிடைத்தால் பெரிது. மேற்கே மலை மறைக்கும் ஊர் என்றால் நேர்வெயில் இன்னும் முன்னதாகவே போய்விடும்.

சூரியன் மறையும் இடமும் ஆண்டு முழுக்க ஒன்றல்ல. ஜூனில் நேர் மேற்கிலிருந்து சுமார் 24 பாகை வடக்கே, டிசம்பரில் அதே அளவு தெற்கே. அதனால் ஒரு மாதத்தில் நேர் எதிரே விழும் வெயில் இன்னொரு மாதத்தில் கன்னத்தில் பக்கவாட்டாக விழும். முகத்துக்குப் பக்க வெயில்தான் உயிர் கொடுக்கும்.

இனி கூண்டு. வட ஆற்காட்டில் எத்தனையோ ஊர்களில் பாபாசாகேப் கம்பிக்குள்தான் நிற்கிறார். சிலையை உடைப்பவர்களும் அவமதிப்பவர்களும் இருந்ததால் வந்த கம்பி அது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். கம்பி தெரியாமல் எடுக்க வழி உண்டு: போன் லென்ஸை இரண்டு கம்பிக்கு நடுவில் ஒட்டி வையுங்கள். கேமரா என்றால் 50 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 1.8 அளவுக்கு அகலமாகத் திறந்து, லென்ஸைக் கம்பிக்கு மிக அருகே வைத்தால் கம்பி கரைந்துவிடும். ஆனால் கம்பியோடும் ஒரு படம் எடுத்து வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கம்பியும் நம் ஊரின் உண்மை. நாளைக்கு அதை எடுத்துவிட்டால், இருந்ததற்குச் சாட்சி வேண்டும். பின்னால் சிவந்த வானம் இருந்தால் கம்பியும் உருவமும் ஒன்றாகக் கருத்து, நீட்டிய விரல் மட்டும் ஒரு கட்டத்துக்குள் தனியாக நிற்கும்.

ஏப்ரல் 14-க்கு எடுப்பதாக இருந்தால் முந்தைய நாள் மாலையே போய் நிற்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். ஜெயந்தி அன்று புது மாலை, புதுப் பெயிண்ட், சீரியல் லைட் எல்லாம் இருக்கும். நம் பக்கம் அன்று ஆறே காலுக்கு மேல்தான் சூரியன் மறையும். ஆறரை, ஆறே முக்காலுக்குள் சீரியல் லைட்டும் வானத்தின் நீலமும் ஏறக்குறைய சம அளவில் இருக்கும், அப்போது எடுங்கள். பீடத்தின் மேல் ஏறாதீர்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் அண்ணன்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பித்தால், பேனர் கயிற்றைக்கூட அவர்களே ஒதுக்கிப் பிடிப்பார்கள்.